நாலு ஹார்ட் டிஸ்க், மூன்று சைஸ், கையில் பதினைந்தாயிரம்: கல்யாண ஃபைல்களுக்கு வீட்டிலேயே ஒரு சர்வர் போட முடியுமா?

முகூர்த்தநாள்:
எல்லோருக்கும் வணக்கம். காரைக்குடியில் கல்யாணம், காதுகுத்து, புதுமனை புகுவிழா என்று போட்டோ, வீடியோ வேலை செய்கிறேன். ஆல்பமும் பென்டிரைவும் டெலிவரி கொடுத்த பிறகும் ஃபைல்களை அழிக்க மனசு வராது. ஏனென்றால் இரண்டு வருஷம் கழித்து ஒரு பார்ட்டி போன் பண்ணி, "தம்பி, அப்பா தவறிட்டாரு, கல்யாணத்துல அவரு தனியா நிக்கிற போட்டோ ஏதாவது இருக்கா, ஃப்ரேம் போடணும்" என்று கேட்பார்கள். அந்த நேரத்தில் இல்லை என்று சொல்லக்கூடாது என்பதுதான் எனக்கு முக்கியம்.

இப்போது கையில் இருப்பது: 4 டிபி ஒன்று, 3 டிபி ஒன்று, 2 டிபி இரண்டு. எல்லாம் வேறு வேறு வருஷம், வேறு வேறு கம்பெனி. மொத்தம் 4.2 டிபி அளவுக்கு ஃபைல்கள் சிதறிக் கிடக்கின்றன, 2 டிபியில் ஒன்று காலி. நடப்பு வேலைகளுக்குத் தனியாக 1 டிபி யூஎஸ்பி டிஸ்க் ஒன்று. நாலாம் தலைமுறை ஐ5 உள்ள பழைய கம்ப்யூட்டர் சும்மா இருக்கிறது: 8 ஜிபி ரேம், 120 ஜிபி எஸ்எஸ்டி, போர்டில் டிஸ்க் மாட்ட நாலு சாட்டா போர்ட்.

கடையில் கேட்டால் இரண்டு டிஸ்க் போடும் நாஸ் பெட்டியும் (நெட்வொர்க்கில் மாட்டும் சேமிப்புப் பெட்டி) இரண்டு புது டிஸ்க்கும் வாங்கச் சொல்கிறார்கள். அது என் பட்ஜெட்டைத் தாண்டிவிடும். இருப்பதை வைத்தே, பல டிஸ்க்கைச் சேர்த்து ஒன்று செத்தாலும் ஃபைல் போகாமல் காக்கும் ரெய்டு 5 போட முடியுமா?

பச்சைவிளக்கு:
போட முடியும், ஆனால் போடாதீர்கள். ரெய்டு 5 எல்லா டிஸ்க்கையும் இருப்பதிலேயே சின்ன டிஸ்க்கின் அளவாகத்தான் எடுத்துக்கொள்ளும். உங்கள் நாலும் அதற்கு நாலு 2 டிபி, ஒன்று பேரிட்டிக்கு, அதாவது செத்த டிஸ்க்கை மீட்க உதவும் கணக்குக்கு, போக மிச்சம் 6 டிபி. 4 டிபியில் பாதியும் 3 டிபியில் மூன்றில் ஒரு பங்கும் வீண். நாளைக்கு 8 டிபி ஒன்று வாங்கிச் சேர்த்தாலும் அதிலிருந்து 2 டிபிதான் கிடைக்கும். அதைவிட மோசம், இரண்டு டிஸ்க் ஒரே சமயத்தில் போனால் நல்லா இருக்கிற மற்ற இரண்டில் உள்ளதையும் படிக்க முடியாது, ஏனென்றால் ஒவ்வொரு ஃபைலும் துண்டு துண்டாக எல்லா டிஸ்க்கிலும் பரவியிருக்கும்.

உங்கள் மாதிரி ஆட்களுக்காகவே இருப்பது ஸ்நாப்ரெய்டு, அதோடு மெர்ஜர்எஃப்எஸ். இரண்டும் இலவசம். மெர்ஜர்எஃப்எஸ் செய்வது ஒன்றே ஒன்று: தனித்தனி டிஸ்க்குகளை ஒரே பெரிய ஃபோல்டராகக் காட்டும். உள்ளே ஒவ்வொரு டிஸ்க்கும் தனி இஎக்ஸ்டி4 (லினக்ஸின் வழக்கமான ஃபைல் சிஸ்டம்), ஒவ்வொரு ஃபைலும் முழுசாக ஏதோ ஒரு டிஸ்க்கில் இருக்கும். கழற்றி வேறு லினக்ஸ் கம்ப்யூட்டரில் மாட்டினால் அப்படியே திறக்கும். ஸ்நாப்ரெய்டு அந்த டிஸ்க்குகளுக்குச் சேர்த்துப் பேரிட்டி கணக்கிட்டு இன்னொரு டிஸ்க்கில் எழுதி வைக்கும். நிபந்தனை ஒன்றுதான், பேரிட்டி டிஸ்க் மற்ற எதையும்விடச் சின்னதாக இருக்கக் கூடாது. ஆக 4 டிபி பேரிட்டி, 3+2+2 = 7 டிபி உங்களுக்கு. பிற்பாடு 8 டிபி வாங்கினால் அது பேரிட்டியாகும், இந்த 4 டிபி டேட்டா பக்கம் வரும், மொத்தம் 11 டிபி.

ஒரு விஷயம் தெரிந்துகொண்டு இறங்குங்கள். ஸ்நாப்ரெய்டு நொடிக்கு நொடி காப்பாற்றாது. சிங்க் என்ற கட்டளையை ஓட்டும்போதுதான் பேரிட்டி புதுப்பிக்கப்படும். கடைசி சிங்க்குக்குப் பிறகு வந்த ஃபைலுக்குப் பாதுகாப்பு கிடையாது. அதனால் டேட்டாபேஸ், விர்ச்சுவல் மெஷின் மாதிரி ஓயாமல் மாறும் சமாச்சாரத்துக்கு இது ஆகாது. ஒரு தடவை எழுதி வருஷக்கணக்கில் தொடாத கல்யாண வீடியோவுக்கு இதைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரிந்து இல்லை.

தேனிமலை:
பிடிஆர்எஃப்எஸ் என்ற லினக்ஸ் ஃபைல் சிஸ்டத்தின் ரெய்டு 1-ஐயும் யோசியுங்கள். அதில் சைஸ் கலந்திருந்தாலும் பிரச்சினை இல்லை, ஒவ்வொரு துண்டையும் ஏதாவது இரண்டு டிஸ்க்கில் எழுதிவிடும். உங்கள் 11 டிபியில் பாதி, 5.5 டிபி கிடைக்கும். எழுதின நொடியே இரண்டு பிரதி, சிங்க் ஓட்ட மறந்தோம் என்ற கவலை கிடையாது, செக்சம் (ஃபைல் மாறியிருக்கிறதா என்று காட்டும் சரிபார்ப்பு எண்) இருப்பதால் கெட்டுப்போன பிரதியை நல்ல பிரதியிலிருந்து தானே சரிசெய்துகொள்ளும். ஆனால் அதன் ரெய்டு 5, 6 பக்கம் மட்டும் போக வேண்டாம், இன்னும் உறுதியாகவில்லை என்று அதன் ஆவணத்திலேயே எச்சரிக்கிறார்கள்.

இன்னொரு ஃபைல் சிஸ்டமான ஜெட்எஃப்எஸ் உங்கள் டிஸ்க்குகளுக்குச் சரிவராது. 4-ஐயும் 3-ஐயும் ஒரு ஜோடி, 2-ஐயும் 2-ஐயும் ஒரு ஜோடி என்று மிர்ரர் (ஒன்றின் நகல் இன்னொன்றில்) போட்டால் 5 டிபிதான் வரும். அன்ரெய்டு என்ற சர்வர் ஓஎஸ் நல்ல சாமான், கலவை டிஸ்க்கை ஏற்கும், பேரிட்டியும் உடனுக்குடன் எழுதும். ஆனால் காசு கொடுத்து லைசென்ஸ் வாங்க வேண்டும். பதினைந்தாயிரத்தில் அதற்கு இடமில்லை.

இருபிரதி:
நான் எல்லோருக்கும் எதிராகத்தான் சொல்லப்போகிறேன். பேரிட்டியே வேண்டாம். 4-ம் 2-ம் சேர்ந்தால் 6, 3-ம் 2-ம் சேர்ந்தால் 5. உங்களிடம் இருப்பது 4.2. முதல் கூட்டத்தில் அசல், இரண்டாவதில் நகல், ராத்திரி ஆர்சிங்க் என்ற காப்பி கட்டளை ஓடினால் போதும். புதுசாக எந்த மென்பொருளும் கற்க வேண்டாம், டிஸ்க் போனால் கணக்குப் போட்டு மீட்க வேண்டாம், நகலைத் திறந்து எடுத்துக்கொள்ளலாம். இரண்டாவது கூட்டத்தைக் கழற்றி பீரோவில் வைத்துவிட்டு வாரத்துக்கு ஒரு தடவை மாட்டினால் இடி, மின்னல், வைரஸ் எல்லாவற்றுக்கும் தப்பிக்கும். கல்யாண வீடியோ அவருடைய பிழைப்பு. பிழைப்புக்குப் பேரிட்டியை நம்பச் சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை.

பச்சைவிளக்கு:
நண்பரே, கடைசி வரியில் முழுக்க உங்களோடு ஒத்துப்போகிறேன். பேரிட்டி பேக்கப் அல்ல. டிஸ்க் செத்தால் காப்பாற்றும், அவ்வளவுதான். எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டரின் பவர் சப்ளை) வெடித்து எல்லா டிஸ்க்கும் ஒன்றாகக் கருகினாலோ, வீட்டில் திருட்டுப் போனாலோ பேரிட்டியால் ஒன்றும் ஆகாது. தெரியாமல் ஒரு ஃபோல்டரை அழித்துவிட்டால் அடுத்த சிங்க் வரைக்கும் மீட்கலாம், சிங்க் ஓடிவிட்டால் அதுவும் போச்சு. அதனால்தான் ராத்திரி தானாக ஓடும் சிங்க்குக்கு ஒரு தடை வைப்பார்கள். ஸ்நாப்ரெய்டு ரன்னர் என்று ஒரு ஸ்கிரிப்ட் இருக்கிறது, இத்தனை ஃபைலுக்கு மேல் அழிந்திருந்தால் சிங்க் ஓட்டாமல் நின்று மெயில் அனுப்பிவிடும். அது இல்லாமல் தானியங்கி சிங்க் வைக்கவே வைக்காதீர்கள்.

உங்கள் திட்டத்தில் எனக்குள்ள சிக்கல் இடம். நகல் கூட்டத்தில் 0.8 டிபிதான் மிச்சம். வரும் ஒரு முகூர்த்த சீசனுக்கே காணாது.

என் யோசனை இது. பதினைந்தாயிரத்தில் கம்ப்யூட்டருக்கு ஒரு பைசா செலவழிக்க வேண்டாம், பழைய ஐ5 தாராளம். ஒரு ஜிகாபிட் நெட்வொர்க்கில் நொடிக்கு 110 எம்பி சுமார்தான் போகும், உங்கள் பழைய டிஸ்க் ஒன்றே அதற்கு ஈடுகொடுக்கும். பணத்தின் பெரும்பகுதியை ஒரு புது 5 டிபி யூஎஸ்பி டிஸ்க்கில் போடுங்கள். முதல் வேலையாக 4.2 டிபியையும் அதில் காப்பி செய்து, செக்சம் ஒப்பிட்டுப் பார்த்து, அப்புறம்தான் பழைய டிஸ்க்குகளைத் தொட வேண்டும். சர்வர் தயாரானதும் அந்த 5 டிபியைக் கழற்றி வேறு வீட்டில் கொண்டுபோய் வையுங்கள். இருபிரதி சொன்ன பாதுகாப்பும் கிடைக்கும், பேரிட்டியால் இடமும் கிடைக்கும்.

ரிச்சிதெரு:
மென்பொருள் பேச்சுக்கு முன்னால் டிஸ்க்கின் உடம்பைப் பாருங்கள். டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே பதிவு செய்யும் ஸ்மார்ட் எண்களைக் காட்டும் ஸ்மார்ட்சிடிஎல் வைத்து நாலுக்கும் லாங் டெஸ்ட் ஓட்டுங்கள். 4 டிபிக்கு ஏழெட்டு மணி நேரம் ஆகும், ஆகட்டும். முடிவில் பார்க்க வேண்டியது 5, 197, 198 என்ற எண்ணுள்ள வரிகள். ரீஅலொகேட்டட், பெண்டிங், அன்கரெக்டபிள், அதாவது மாற்றிவைத்த, சந்தேகத்தில் உள்ள, படிக்க முடியாத இடங்களின் எண்ணிக்கை. மூன்றும் பூஜ்ஜியமாக இருந்தால் சந்தோஷம். 199 ஏறியிருந்தால் பயப்பட வேண்டாம், பெரும்பாலும் சாட்டா கேபிள்தான் காரணம், மாற்றிவிட்டு எண் மேலும் ஏறுகிறதா என்று கவனியுங்கள்.

ஆனால் ஸ்மார்ட் சுத்தமாக இருக்கிறது என்பதற்காக நிம்மதியாகத் தூங்கவும் வேண்டாம். கூகுள் ஆட்கள் 2007-ல் தங்கள் டேட்டா சென்டர் டிஸ்க்குகளை வைத்து ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். செத்த டிஸ்க்குகளில் பாதிக்கும் மேலானவை முக்கியமான ஸ்மார்ட் எண்கள் எதிலும் முன்கூட்டி ஒரு அறிகுறியும் காட்டவில்லை.

அடுத்து எஸ்எம்ஆர். சில டிஸ்க்குகளில் தடங்களை ஒன்றின் மேல் ஒன்று கொஞ்சம் ஏறினாற்போல எழுதியிருப்பார்கள், நடுவில் திருத்தி எழுதினால் வேகம் படுத்துவிடும். 2020-ல் வெஸ்டர்ன் டிஜிட்டலின் ரெட் வரிசையில் 2 முதல் 6 டிபி வரை சில மாடல்கள் இந்த வகை என்று வெளியே தெரிந்து பெரிய பேச்சானது, அதற்குப் பிறகுதான் ரெட் பிளஸ் என்று சிஎம்ஆர் (தடங்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறாத வகை) டிஸ்க்குகளைத் தனியாகப் பிரித்தார்கள். உங்கள் டிஸ்க்குகளின் மாடல் எண்ணைத் தேடிப் பாருங்கள். எஸ்எம்ஆர் என்றால் டேட்டாவுக்கு வைத்துக்கொள்ளலாம், பேரிட்டிக்கு முடிந்தவரை வேண்டாம். புதுசாக வாங்கப்போகும் சின்ன 5 டிபி யூஎஸ்பி டிஸ்க்கும் எஸ்எம்ஆர்தான். பேக்கப்புக்கு அது போதும், காப்பி ஆக மட்டும் நேரம் எடுக்கும்.

கடைசியாக ஒன்று, இதைத் தயவுசெய்து லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சாட்டா பவர் பின் பத்தவில்லை என்று மோலெக்ஸில் (பழைய நாலு பின் பவர் கனெக்டர்) இருந்து சாட்டாவுக்கு மாற்றும் மலிவு ஒயர் வாங்குவீர்கள். அதில் இரண்டு வகை. ஒன்றில் பிளாஸ்டிக்கை ஒயரோடு சேர்த்து ஒரே கட்டியாக வார்த்திருப்பார்கள், பின்பக்கம் வழவழவென்று மூடியிருக்கும். அதற்குள் ஒயர்கள் நெருங்கி வந்து உரசி ஷார்ட் ஆகி எரிந்த கதைகள் ஏராளம். இன்னொன்றில் பின்பக்கம் திறந்திருக்கும், ஒவ்வொரு ஒயரும் தனித்தனியாக பின்னில் கடித்திருப்பது கண்ணுக்குத் தெரியும். இரண்டாவதை மட்டும் வாங்குங்கள். எஸ்எம்பிஎஸ்ஸிலேயே போதுமான சாட்டா பின் இருந்தால் இது எதுவுமே வேண்டாம்.

மின்கம்பி:
கரண்ட் பற்றி யாரும் சொல்லவில்லை. இந்த மாதிரி பழைய கம்ப்யூட்டர் மூன்று நாலு டிஸ்க்கோடு சும்மா இருக்கும்போதே 50 வாட் அளவுக்கு இழுக்கும். நாளுக்கு 1.2 யூனிட், ஒரு பில்லுக்கு, அதாவது இரண்டு மாசத்துக்கு, 72 யூனிட். நம்மூரில் வீட்டுக்கு முதலில் கொஞ்சம் யூனிட் இலவசம் என்றாலும் அதை ஏற்கெனவே ஃபேனும் ஃபிரிட்ஜும் தின்றிருக்கும். இந்த 72 மேலே ஏறித்தான் நிற்கும், 500-ஐத் தாண்டவைத்தால் கட்டண அடுக்கே மாறும். சேமிப்புக் கிடங்குதானே, 24 மணி நேரமும் ஓட வேண்டாம். வேலை செய்யும் எட்டு மணி நேரம் மட்டும் ஓட்டினால் 24 யூனிட்டோடு முடிந்தது.

வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் பின்பக்கம் யூபிஎஸ் மோட் சுவிட்ச் இருக்கிறதா பாருங்கள். சாதாரண மோடில் கரண்ட் போய் பேட்டரிக்கு மாறும் அந்த நொடியில் கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகிவிடும். சிங்க் ஓடும்போது அப்படி ஆனால் சிங்க்கை மறுபடி ஓட்டினால் போதும், அது பெரிய ஆபத்தில்லை. திரும்பத் திரும்ப பட்பட்டென்று நின்று கிளம்புவதுதான் டிஸ்க்குக்குக் கெடுதல். முடிந்தால் யூஎஸ்பி கேபிள் உள்ள ஒரு சின்ன யூபிஎஸ் வாங்கி நட் என்ற மென்பொருளை இணையுங்கள், பேட்டரி இறங்கினால் தானே ஒழுங்காக ஷட் டவுன் செய்யும்.

முகூர்த்தநாள்:
எல்லோருக்கும் ரொம்ப நன்றி. 5 டிபி வாங்கிவிட்டேன், காப்பி முடிந்தது, ஒரு ராத்திரியும் மறுநாள் பகலும் ஓடியது. செக்சமும் ஒத்துப்போகிறது. அப்புறம் லாங் டெஸ்ட் போட்டேன். 4 டிபி சுத்தம், மாடல் எண்படி சிஎம்ஆர். 3 டிபியில் 199 மட்டும் ஏறியிருந்தது, ரிச்சிதெரு அண்ணன் சொன்னபடி கேபிள் மாற்றினேன், நின்றுவிட்டது. ஒரு 2 டிபி சுத்தம். காலியாக இருந்த இன்னொரு 2 டிபியில் 197-ல் 24 என்று காட்டுகிறது, டெஸ்ட்டும் பாதியில் ரீட் ஃபெயிலியர் என்று நின்றது. அதை முக்கியமில்லாத ஃபைலுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாமா? ஏழில் இரண்டு டிபி போகிறதே என்று வருத்தமாக இருக்கிறது.

ரிச்சிதெரு:
வேண்டாம் தம்பி, எடுத்து வெளியே வையுங்கள். முழுசாக ஒரு தடவை எழுதினால் பெண்டிங் எண் பூஜ்ஜியமாகக்கூட மாறலாம், அதை நம்பி உள்ளே விடாதீர்கள்.

பச்சைவிளக்கு:
காரணமும் சொல்கிறேன். பேரிட்டியில் ஒரு டிஸ்க்கை மீட்பது என்றால் மற்ற எல்லா டிஸ்க்கையும் பேரிட்டியோடு சேர்த்துப் படித்தாக வேண்டும். நாளைக்கு நல்ல 3 டிபி செத்துப்போகிறது என்று வையுங்கள். அதை மீட்கும்போது இந்த நோஞ்சான் டிஸ்க் படிக்க முடியாமல் திணறினால், அந்த இடங்களுக்கு நேரான 3 டிபி ஃபைல்களும் சேர்ந்து போகும். முக்கியமில்லாத ஃபைல் வைத்த டிஸ்க் முக்கியமான ஃபைலைக் கெடுக்கும். இதே காரணத்தால்தான் சர்வரில் நிறைய அழித்தாலோ மாற்றினாலோ அன்றைக்கே சிங்க் ஓட்டச் சொல்கிறேன். ஒரு டிஸ்க்கில் அழித்தது, இன்னொரு டிஸ்க்கின் மீட்பில் ஓட்டையாகத் தெரியும்.

3+2 = 5 டிபியில் உங்கள் 4.2 இப்போதைக்கு அடங்கும். மூன்று டிஸ்க், ஒரு எஸ்எஸ்டி, நாலு போர்ட். கூடுதல் சாட்டா கார்டும் வேண்டியதில்லை.

இருபிரதி:
அந்த 2 டிபி போனதில் என் கணக்கும் போச்சு, ஒரு பக்கம் 4 டிபிதான் மிச்சம், 4.2 அதில் ஏறாது. ஆனாலும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். புதுசாக எடுத்துவரும் வேலையின் ரா ஃபைல்கள் சர்வரில் ஏறியதும் உடனே மெமரி கார்டை ஃபார்மேட் செய்துவிடாதீர்கள். சர்வரில் ஒன்று, உங்கள் 1 டிபி யூஎஸ்பியில் ஒன்று என்று இரண்டு இடத்தில் இருந்து, சிங்க்கும் முடிந்த பிறகுதான் கார்டைத் தொட வேண்டும். தாலி கட்டுவதை மறுபடி எடுக்க முடியாது.

முகூர்த்தநாள்:
கண்டிப்பாக, அதை வழக்கமாகவே வைத்துக்கொள்கிறேன். ஓப்பன்மீடியாவால்ட் என்ற இலவச சர்வர் ஓஎஸ் போட்டு அதில் மெர்ஜர்எஃப்எஸ், ஸ்நாப்ரெய்டு இரண்டு பிளக்இன்னும் சேர்த்துவிட்டேன். ஃபைலை எந்த டிஸ்க்கில் எழுதுவது என்று பாலிசி கேட்கிறது. எம்எஃப்எஸ், இபிஎம்எஃப்எஸ் என்று என்னென்னவோ இருக்கிறது. எதை வைக்க?

தேனிமலை:
எம்எஃப்எஸ் என்றால் எந்த டிஸ்க்கில் காலி இடம் அதிகமோ அங்கே எழுதும். இடம் சமமாக நிரம்பும், ஆனால் ஒரே கல்யாணத்தின் ஃபைல்கள் இரண்டு டிஸ்க்கிலும் பிரிந்து விழலாம். இபிஎம்எஃப்எஸ் என்றால் அந்த ஃபோல்டர் ஏற்கெனவே இருக்கும் டிஸ்க்கிலேயே எழுதும். நான் எம்எஃப்எஸ்தான் வைத்திருக்கிறேன், நிர்வாகம் எளிது.

பச்சைவிளக்கு:
இவருக்கு நான் இபிஎம்எஃப்எஸ் சொல்வேன். மீட்க முடியாத நிலைமை வந்தால்கூட ஒரு பார்ட்டியின் வேலை முழுசாக இருக்கும், இல்லையென்றால் முழுசாகப் போயிருக்கும். யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பதாவது தெளிவாகத் தெரியும். எம்எஃப்எஸ்ஸில் ஒரு டிஸ்க் போனால் எல்லாக் கல்யாணத்திலும் பாதி பாதி காணாமல் போயிருக்கும். இதில் ஒரு தொல்லை உண்டு. ஃபோல்டர் இருக்கும் டிஸ்க் நிரம்பிவிட்டால், பக்கத்து டிஸ்க்கில் இடம் இருந்தும் எழுத மறுக்கும். அதனால் 3 டிபியில் 2023, 2024, 2 டிபியில் 2025 என்று வருஷ ஃபோல்டர்களை நீங்களே கையால் டிஸ்க் பார்த்து உருவாக்கிவிடுங்கள்.

அப்புறம் ஸ்நாப்ரெய்டின் கன்டென்ட் ஃபைலை எஸ்எஸ்டியில் ஒன்று, இரண்டு டேட்டா டிஸ்க்கிலும் ஒவ்வொன்று என்று வையுங்கள். எந்த ஃபைல் எங்கே என்ற பட்டியல் அதில்தான் இருக்கிறது, அது இல்லாமல் பேரிட்டி இருந்தும் பயனில்லை. எடிட்டிங்கை மட்டும் சர்வர் ஃபோல்டரில் நேராகச் செய்யாதீர்கள். எடிட்டிங் கம்ப்யூட்டரின் எஸ்எஸ்டியில் முடித்துவிட்டு முடிந்ததை மேலே ஏற்றுங்கள்.

முகூர்த்தநாள்:
முதல் சிங்க் ஏறக்குறைய ஆறு மணி நேரம் ஓடியது, பிழை எதுவும் இல்லை. நம்பிக்கைக்காக ஒரு சோதனையும் செய்து பார்த்தேன். 5 டிபியில் நகல் இருக்கிற தைரியத்தில் ஒரு வளைகாப்பு ஃபோல்டரை முழுசாக அழித்துவிட்டு, காணாமல் போனதை மட்டும் மீட்கச் சொல்லி ஃபிக்ஸ் ஓட்டினேன். எல்லாப் போட்டோவும் அதே பெயரில், அதே தேதியோடு திரும்பி வந்துவிட்டன, வீடியோவையும் ஓட்டிப் பார்த்தேன், சரியாக இருக்கிறது. 5 டிபியை தேவகோட்டையில் அக்கா வீட்டில் வைக்கப்போகிறேன், மாசம் ஒரு தடவை அங்கே போவேன், வரும்போது எடுத்துவந்து புதுசை ஏற்றிக்கொள்ளலாம். எழுதியது கெடாமல் இருக்கிறதா என்று சரிபார்க்கும் ஸ்க்ரப் எத்தனை நாளைக்கு ஒரு தடவை ஓட்டுவது?

பச்சைவிளக்கு:
வாரம் ஒரு தடவை போதும். ஒன்றும் சொல்லாமல் ஸ்க்ரப் என்று மட்டும் கொடுத்தால் மொத்தத்தில் 8 சதவீதத்தை, அதிலும் பத்து நாளைக்கு மேல் சரிபார்க்காத பகுதியாக எடுத்துப் பார்க்கும். மூன்று மாசத்தில் எல்லாம் ஒரு சுற்று வந்துவிடும். பிழை காட்டினால் உடனே ஸ்மார்ட் பாருங்கள், அது சுத்தமாக இருந்தால் ரேமை மெம்டெஸ்ட் போட்டுப் பாருங்கள். 5 டிபியை எடுத்துவரும் அன்றைக்கு, காப்பி முடிந்ததும் அதிலிருந்து ஏதாவது ஒரு பழைய வீடியோவைத் திறந்து பார்த்துவிட்டு அக்கா வீட்டுக்கு அனுப்புங்கள்.